இரண்டு வீட்டுக்கு ஒரு கார்

அண்ணா,

காலையில் முகம் கழுவக் கையைக் குவித்தபோது ஆயில் வாசனை வந்தது. நேற்றுச் சாயங்காலமே டீசல் விட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு, அதற்குமேல் சாம்பலும் போட்டுத் தேய்த்த கைதான். நகக்கண்ணில் எங்கோ கொஞ்சம் ஒளிந்திருந்திருக்கிறது. கருகின வெல்லத்தையும் பழைய இரும்பையும் ஒன்றாக வைத்தாற்போன்ற வாசனை. மறுபடி கழுவ மனம் வரவில்லை. அப்படியே கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே மலை. பாதிக்குமேல் மேகம் மூடியிருந்தது. அந்த மேகத்துக்குள்தான் உங்கள் வாசல் இருக்கிறது. நேற்று அந்த வாசலில் நம் காரின் எஞ்சினை இறக்கினேன். இது இரண்டாவது தடவை. முதல் தடவை இறக்கியபோது நீங்கள் இருந்தீர்கள். இந்தத் தடவை நடந்ததை உங்களுக்கு யார் சொல்வார்கள் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் மலையிறங்கி எங்கள் முள்ளுக்குறிச்சிக்கு வந்தது ஒரு கட்டு மரவள்ளிக் குச்சிக்காக. என் காட்டில் கிழங்கு நன்றாக விளைகிறது என்று யாரோ சொல்லி, நடுவதற்குக் குச்சி கேட்டு வந்தீர்கள். வெட்டிக் கட்டிக் கொடுத்தேன். தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனவர், வெயில் ஏறுவதற்குள் அதே கட்டோடு திரும்பி வந்து வேப்பமரத்தடியில் இறக்கினீர்கள். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டாராம்.

“இங்கயே நட்டுப்போட்டுப் போயிரட்டுங்களா தம்பி?” என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் சித்தப்பா மகனின் வேனைக் கேட்டு வாங்கி, குச்சியையும் உங்களையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். மலையை அத்தனை வருடம் கீழிருந்து பார்த்தவன், மலைமேல் இருக்கிற உங்கள் தேவனூர் நாட்டுக்குள் அன்றுதான் கால் வைத்தேன். உங்கள் வீட்டு அக்கா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டு வெளியே வந்தால் வேனைக் காணோம். வாசல் முழுக்கப் பனி இறங்கியிருந்தது. வேன் இருந்த இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்தேன். “கொஞ்சம் இருங்க, போயிரும்” என்று நீங்கள் சொன்னது பனி போவதற்காகவா என்னைத் தங்க வைக்கவா என்று தெரியவில்லை. அன்று இரவு உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் மேலே வருவதும் நீங்கள் கீழே வருவதுமாகச் சில வருடங்கள். பிறகு ஆளுக்குப் பாதி போட்டு அந்த வெள்ளைக் காரை வாங்கினோம். பழைய டீசல் கார். மேலே கேரியர் வைத்தது. குச்சிக் கட்டும் ஏறும், மிளகு மூட்டையும் ஏறும். வாங்கிய அன்றே என் மனைவி சொன்னாள்: “ரெண்டு ஊட்டுக்குப் பொதுவான மாட்டுக்கு ரெண்டு ஊட்டுலயும் தண்ணி காட்ட மாட்டாங்க.” உங்கள் ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்று நீங்கள் பின்னால் சொன்னீர்கள். கார் வந்து நட்பைக் கெடுக்கப்போகிறது என்று இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள்.

நடந்தது வேறு. எங்கள் கிழங்கு வெட்டும் காலத்தில் கார் கீழே இருக்கும். உங்கள் மிளகுக் காலத்தில் மேலே இருக்கும். மாற்றிக்கொள்ளும்போது வேறு ஆளிடம் கொடுத்து அனுப்புவதில்லை என்பது யாரும் பேசி வைக்காத ஏற்பாடு. காரைக் கொண்டுவந்து விடுகிறவர் அன்று அந்த வீட்டில் தங்குவார், மறுநாள் பஸ்ஸில் போவார். இப்படியே போனது. உங்கள் பிள்ளை கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதும், என் மகன் தனக்கென்று புதுக் கார் வாங்கியதும் இதற்கிடையில்தான்.

அப்புறம் ஓர் ஐப்பசியில் உங்களிடமிருந்து போன் வந்தது. கடைசி ஏற்றத்தில் எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டதாம். வாசலில் கொண்டுவந்து நிறுத்தினதும் நின்றேவிட்டதாம். “மூச்சு விடலீங்க” என்றீர்கள், ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சேந்தமங்கலத்துப் பட்டறையில் விசாரித்தேன். ஓடாத காரைக் கயிறு கட்டி அத்தனை கொண்டை ஊசி வளைவில் இறக்காதீர்கள், எஞ்சின் ஓடாமல் பிரேக் சரியாகப் பிடிக்காது, எஞ்சினை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றார் மெக்கானிக். உங்களிடம் சொன்னேன். “அப்ப நாமளே எறக்கிப்போடலாம்” என்று ஏதோ பலாப்பழம் இறக்குகிற மாதிரி சொல்லிவிட்டீர்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

கிணற்று மோட்டார் தூக்குகிறவரிடம் இரும்பு முக்காலியும் செயின் புல்லியும் இரவல் வாங்கி, ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வளைவுக்கு வளைவு ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காரை விற்றுவிடலாம் என்பதுதான் அது. என் மகன் கேட்பது நியாயமாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு கார் நிற்கும்போது மலைமேல் பாதிக் கார் எதற்கு?

வந்து பார்த்தால் நீங்கள் பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தீர்கள். தலைப்பாகையை அவிழ்த்த பெரியவரைப்போல நின்றது கார். நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியத்தை எங்கே இறக்குவதென்று தெரியாமல், சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு உங்களுக்கு எதிர்ப்பக்கம் வந்து குனிந்தேன்.

அந்த ஒன்றரை நாள் எனக்கு வரிசையாக நினைவில்லை. பனி வந்து வந்து அழித்துவிட்டுப் போன படம் மாதிரி இருக்கிறது. முதலில் பேட்டரி வயரை எடுத்தீர்கள். “மொதல்ல உசுரைத் தனியா எடுத்து வெச்சரோணும்” என்றீர்கள். ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டோம். துரு நிறத்தில் ஒரு சின்ன ஓடையாக வாசலைத் தாண்டிப் போயிற்று. ஆயிலை ஒரு பழைய இரும்புச் சட்டியில் இறக்கினோம். கறுப்பாக, அவசரமே இல்லாமல், ஒற்றை நூலாக வடிந்தது. அது வடிந்து முடியும்வரை இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து ஒன்றையே பார்த்தது அதற்குமுன் எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

வயர்களுக்கு அடையாளம் வேண்டுமே என்று யோசித்தபோது அக்கா ஒரு பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். கழற்றுகிற வயரிலும் அது இருந்த இடத்திலும் ஒரே மாதிரி துணி கட்டினார்கள். முதலில் முந்தானையின் சிவப்பு, அடுத்து சேலையின் பச்சை. நிறம் போதாமல் போனபோது, இரண்டாவது சிவப்புக்கு இரண்டு முடிச்சு என்று அவர்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். போல்ட்டுகளை நான் ஒரு தட்டில் போடப் போனேன். நீங்கள் விடவில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் அது இருந்த ஓட்டையிலேயே விரலால் இரண்டு சுற்று திருகி வைத்தீர்கள்.

“அதது அதது ஊட்டுலயே இருக்கட்டுங்க தம்பி. தேடற வேலை இல்லை.”

பனி அடர்த்தியாக வந்தபோது எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நின்ற உங்களை எனக்குத் தெரியவில்லை. இரும்பில் இரும்பு படுகிற சத்தம் மட்டும் வந்தது. ஸ்பேனர் கேட்டுக் கையை நீட்டினால் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு ஸ்பேனர் வந்து உள்ளங்கையில் உட்காரும். அது எவ்வளவு குளிராக இருக்கும் என்பது இன்னும் என் கைக்குத் தெரியும்.

மறுநாள் முற்பகலில் எஞ்சினைத் தாங்குகிற கடைசி மவுண்டிங் போல்ட்டையும் எடுத்துவிட்டு, கியர்பாக்ஸுக்கு அடியில் கட்டையும் ஜாக்கியும் முட்டுக் கொடுத்தோம். சங்கிலியை நான் இழுத்தேன். நீங்கள் எஞ்சினைக் கையால் பிடித்து அசைத்து அசைத்து விடுவித்தீர்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, சொட்டிக்கொண்டே, காற்றில் ஆடியது. அப்போது காரின் முன்பக்கம் தானாக ஒரு சாண் மேலே வந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “பாரம் எறங்குனா எல்லாம் கொஞ்சம் நிமிருதுங்க.”

எஞ்சினைப் பழைய டயர்மேல் உட்காரவைத்து மூடியதும் மழை பிடித்துக்கொண்டது. சின்ன லாரிக்காரர், வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டி எடுத்ததும் வருகிறேன் என்று போன் செய்தார். நனையாமல் இருக்க இரண்டு பேரும் காருக்குள் ஏறிக்கொண்டோம். நீங்கள் ஸ்டியரிங் பக்கம், நான் இடதுபக்கம். மழை ஓய்ந்து பனி வந்தது. முன் கண்ணாடியில் மோதி, இரண்டு பக்க ஜன்னலையும் உரசி, பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு அது மாறித் தெரிந்தது. பனி நிற்கிறது, கார்தான் போகிறது. எஞ்சின் இல்லாத கார் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்து, ரோட்டைப் பார்க்கிற கண்ணோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

“போகுதுங்களா?” என்றேன்.

“போகுதுங்க.”

அந்த நிலையில்தான் எனக்கு அதைச் சொல்ல முடிந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் பார்வை முன்னால் இருந்தது.

“அண்ணா, இதை வித்துப்போடலாமுங்களா?”

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வளைவு திரும்புகிற மாதிரி ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினீர்கள். பிறகு நேராக்கினீர்கள்.

“எனக்குக் காரு எதுக்குங்க தம்பி? மேட்டுல ஏறுனா பஸ்ஸு நிக்குது. காரு இருக்கறதுனால நீங்க வாரீங்க, நான் வாரேன். இதையும் வித்துப்போட்டா நாம என்ன சொல்லிக்கிட்டு வருவோம்?”

இத்தனை வருடமும் காருக்காகத்தான் வந்து போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அதைத் தலைகீழாக வைத்திருந்திருக்கிறீர்கள். ரிப்பேர் பண்ணிவிடலாம் என்று மட்டும் கடைசியில் சொன்னேன். சரிங்க என்றீர்கள்.

அக்கா காபி கொண்டுவந்தார்கள். ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, “எந்த ஊரு வந்துருக்குதுங்க?” என்று கேட்டார்கள். “இன்னும் பாதி வழிதான். ஏறிக்கோ” என்றீர்கள். அக்கா நிஜமாகவே பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று பேரும் காபி குடித்துக்கொண்டே ரொம்ப தூரம் போனோம். எங்கே போனோம் என்று யாரும் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் அந்தப் பயணம் முடிந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை.

எஞ்சின் என்னோடு கீழே வந்தது. கார் உங்களோடு மேலே நின்றது. உதிரிச் சாமான் வருவதற்கு மாதங்கள் ஆயின. தை பிறந்து மிளகு பறிக்கிற காலமும் வந்துவிட்டது. அன்று காலை அக்காவின் போன் வந்தபோது நான் கடைசிக் கிழங்கு லோடை ஏற்றிக்கொண்டிருந்தேன். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து நீங்களாகவே இறங்கி வந்தீர்களாம். நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தீர்களாம். பக்கத்துக் காட்டுக்காரரின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறோம் என்றார்கள். சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். ஜீப் வந்தது. அக்கா உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ஜீப்பில் உங்கள் காலடியில் உட்கார்ந்து திரும்ப மேலே வந்தேன்.

உங்கள் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நம் கார் நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர், இந்தக் கார் ஓடுகிற நிலையில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. எஞ்சின் என் பக்கத்தில் அல்லவா இருந்தது. அக்கா உள்ளேயிருந்து வெளியே வந்தார்கள்.

“வண்டி ஒடனே வந்துச்சுங்க. ஓட்டுனவரும் நல்லாத்தான் ஓட்டுனாரு. உசுருதான் நிக்கல. யாரையும் ஒண்ணுஞ் சொல்லாதீங்க.”

அவ்வளவுதான் சொன்னார்கள். அந்த வார்த்தை இல்லையென்றால் நான் அந்த வாசலை மறுபடி மிதித்திருக்க மாட்டேன், அண்ணா.

பங்குனியில் எஞ்சின் தயாராயிற்று. பட்டறையிலேயே விற்றுவிடுங்கள் என்றான் என் மகன். நான் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். மாட்டுவதற்கு அக்கா துணைக்கு நின்றார்கள். துணிமுடிச்சுகளை அவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் வயரைச் சேர்த்தேன். போல்ட்டுகள் நீங்கள் திருகி வைத்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றையும் வெளியே எடுக்கும்போது, அதைக் கடைசியாகத் தொட்ட விரல் எது என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. சாவி போட்டதும் எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அக்கா மட்கார்டில் கையை வைத்து, அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். பிறகு, எனக்கு ஓட்டத் தெரியாது, நீங்களே கீழே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதி என்னுடையது, அதனால் அடிக்கடி கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார்கள்.

காட்டிக்கொண்டுதான் இருந்தேன். போகும்போது குச்சி, உப்பு, கருவாடு. வரும்போது மிளகு, பலாப்பழம். நான் ஓட்டினேன். இடதுபக்க ஸீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் மூட்டையை வைத்துக்கொண்டேன். பனி வந்தால் வேகத்தைக் குறைத்து, நம் கார் போகிறதா நிற்கிறதா என்று தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருப்பேன்.

காருக்கும் வயதாயிற்று. அடித்தகடு துருப்பிடித்து, கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிய ஆரம்பித்தது. இனி ரோட்டில் விட அனுமதியும் கிடைக்காது என்றார்கள். எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தண்ணீர் இறைக்க அதைக் கேட்டார். நானும் அக்காவும் போனில் பேசிச் சரி என்றோம். கடைசியாக ஒரு தடவை காரை உங்கள் வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

நேற்று காலை தொடங்கினேன். முதலில் பேட்டரி. பிறகு தண்ணீர். பிறகு ஆயில். அது வடிகிறவரை அக்காவும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இப்போது கை மெதுவாகத்தான் ஓடுகிறது. குனிந்தால் நிமிர நேரமாகிறது. போல்ட்டுகளைக் கழற்றி, பழக்கத்தில் அந்தந்த ஓட்டையில் திருகி வைத்துக்கொண்டே வந்தேன்.

“இனி எதுக்குங்க அது?” என்றார்கள் அக்கா.

அப்போதுதான் நினைவு வந்தது. எஞ்சின் திரும்பி வரப்போவதில்லை. காரை உடைப்பதற்குப் பழைய இரும்பு எடுக்கிறவர் வரப்போகிறார். ஆனாலும் கையை நிறுத்த முடியவில்லை. மிச்சமிருந்ததையும் அதது இடத்தில் வைத்துத்தான் முடித்தேன். கடைசி இரண்டை அக்காவே எடுத்துத் திருகினார்கள்.

முக்காலியோடு வந்திருந்த லாரியில் எஞ்சினை ஏற்றிவிட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா ஜன்னலோரம் வந்து நின்றார்கள். இனிக் கொண்டுவந்து காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். “பாத்துப் போங்க” என்றார்கள். வண்டி நகர்ந்து முதல் வளைவு திரும்பும்போது பார்த்தேன். இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் பனி மூடிக்கொண்டது.

இனி என்ன சொல்லிக்கொண்டு மேலே வருவேன் என்ற நினைப்பு வழி முழுக்க என்னை அறுத்துக்கொண்டே வந்தது. அண்ணா, நாம் வந்து போக ஒரு சாக்கு வேண்டுமென்று நீங்கள் நினைத்தீர்கள். நினைத்தது சரிதான். அப்போதைய நமக்கு அது வேண்டியிருந்தது. இரண்டு ஆம்பிளைகள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டுமே மலை ஏறி இறங்கினார்கள் என்றால் ஊர் சிரிக்கும் என்று பயந்தோம். அதனால் ஒரு காரையே வாங்கினோம். நேற்று இறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் அந்தப் பயம் என்னைவிட்டுப் போய்விட்டதைக் கவனித்தேன். அக்காவைப் பார்க்க வேண்டும், உங்கள் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குப் பஸ் போதும். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தப் பாதிக் கார் இல்லை, மேலே வருகிற இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். இதைக் கழற்றி இறக்க யாராலும் முடியாது.

கிணற்று மேட்டிலிருந்து எழுந்து வந்து, வருகிற வாரம் மலைக்குப் போகப்போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் உங்கள் ஊருக்கு வந்ததில்லை. அது நம் இரண்டு பேர் சோலி என்று ஒதுங்கியே இருந்துவிட்டாள்.

“நேத்துத்தானுங்க போய்ட்டு வந்தீங்க. காரும் இல்லை. இனி அங்க என்ன சோலி?”

“சோலி ஒண்ணும் இல்லை. சும்மாதான்.”

அவள் வாளியை இறக்கி வைத்தாள். கையை உதறிவிட்டு, நான் காலையில் பார்த்த அதே பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சும்மான்னா நானும் வாரேன்” என்றாள்.